எரியாத ஆயில் லைட்: செட்டிநாட்டு வீட்டில் நின்றுபோன ஒரு காரின் நிகழ்வு ஆய்வு

காரைக்குடிப் பக்கம் கார் ஒர்க்‌ஷாப் நடத்துகிறேன். தை மாதக் கல்யாணம் ஒன்றுக்காக ஊருக்கு வந்த ஒரு குடும்பத்தின் காரில் நடந்ததை இங்கே பதிவு செய்கிறேன். குடும்பத்தாரின் சம்மதம் உண்டு. பெயர்களையும் ஊரின் பெயரையும் காரின் கம்பெனியையும் விட்டுவிட்டேன். மீட்டரில் எரிகிற லைட்டைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள் நிறைய. எரிய வேண்டிய நேரத்தில் எரியாத லைட்டைக் கவனிக்கிறவர்கள் மிகக் குறைவு. அப்படி ஒருவர் கவனித்ததால் ஒரு இன்ஜின் பிழைத்தது. அதனால்தான் இதை முழுசாக எழுத வேண்டும் என்று தோன்றியது.

பின்னணி

வீடு கானாடுகாத்தான், பள்ளத்தூர் வட்டாரத்தில் இருக்கிறது. முகப்பு ஒரு தெருவிலும் பின்கட்டு அடுத்த தெருவிலும் திறக்கிற பெரிய வீடு. வருஷத்தில் பெரும்பாலும் பூட்டியே கிடக்கும். பங்காளிகள் சென்னையிலும் மலேசியாவிலும் இருக்கிறார்கள். படைப்பு (முன்னோருக்குப் படைக்கும் வழிபாடு), கல்யாணம், கோயில் காரியம் என்றால்தான் எல்லாரும் கூடுவார்கள். மற்ற நாட்களில் உள்ளூர்க்காரர் ஒருவர் வீட்டைப் பார்த்துக்கொள்கிறார்.

கார் 2014-இல் வாங்கிய பெட்ரோல் வண்டி. ஏபிஎஸ்ஸும் (பிரேக் அடிக்கும்போது சக்கரம் லாக் ஆகாமல் காக்கிற வசதி) ஏர்பேக்கும் உள்ள மாடல். சென்னையில் வேறு கார் வாங்கியதும் இதை ஊருக்குக் கொண்டுவந்து, பின்கட்டை ஒட்டிய கொட்டகையில் விட்டார்கள். பக்கத்தில் விறகும் பழைய மெத்தைகளும் தேங்காய் மட்டையும் அடுக்கியிருந்தன.

‘வாரம் ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணி அஞ்சு நிமிஷம் ஓட விடுங்க’ என்று வீட்டுக்காரர் சொல்லியிருந்தார். பார்த்துக்கொள்பவர் அதைத் தவறாமல் செய்தார். நல்ல எண்ணத்தில் சொன்னது, நேர்மையாகச் செய்தது. ஆனால் வண்டிக்கு அதனால் இரண்டு விதத்தில் கெடுதல். செல்ஃப் அடிக்கும்போது பேட்டரியிலிருந்து போகும் மின்சாரத்தை ஐந்து நிமிட ஐட்லிங் (வண்டி நகராமல் இன்ஜின் மட்டும் மெதுவாக ஓடுவது) திருப்பித் தராது. இன்ஜினும் முழுசாகச் சூடாவதில்லை. சூடாகாத இன்ஜினில் எரியாமல் மிஞ்சும் கொஞ்சம் பெட்ரோலும், எரிந்ததில் உண்டாகும் நீராவியும் பிஸ்டனைத் தாண்டி ஆயிலுக்குள் இறங்கும். தினமும் ஓடுகிற வண்டியில் ஆயில் சூடாகி இவை ஆவியாகிப் போய்விடும். நிறுத்திவைத்த வண்டியில் அப்படியே தங்கிவிடும்.

ஆயில் மாற்றி ஒன்றரை வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. ‘ஆயிரம் கிலோமீட்டர்கூட ஓடலையே, எதுக்கு மாத்தணும்’ என்பது வீட்டுக்காரரின் கணக்கு. பெட்ரோல் கார்களுக்குப் பெரும்பாலான கம்பெனிகள் இத்தனை கிலோமீட்டர் அல்லது ஒரு வருஷம், எது முந்துகிறதோ அப்போது மாற்றச் சொல்கின்றன. ‘எது முந்துகிறதோ’ என்பதைப் பலரும் படிக்காமல் விட்டுவிடுகிறார்கள்.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன், காலை

குடும்பத்தார் சென்னையிலிருந்து ரயிலில் வந்து இறங்கினார்கள். கல்யாண வேலைகளுக்கு வீட்டில் இருக்கும் காரையே வைத்துக்கொள்வது திட்டம். முக்கியமாக, முகூர்த்த நாள் விடிகாலையில் இளையாத்தங்குடிக் கோயிலிலிருந்து கோயில் மாலை எடுத்துவர வேண்டும். நகரத்தார் கல்யாணத்தில் அந்த மாலை வந்தாக வேண்டும், நேரத்துக்கும் வந்தாக வேண்டும். பிறகு நடந்த எல்லா விவாதத்துக்கும் பின்னால் இந்த அவசரம் இருந்தது.

சாவியைத் திருப்பியதும் செல்ஃப் டக் டக்கென்று மட்டும் சத்தம் போட்டது. பேட்டரி டவுன். பக்கத்து வீட்டுப் பெரியவர் காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தில், ஊர்ப் பேச்சில் சிக்ரியில், வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் தன் காரையும் ஜம்பர் கேபிளையும் மல்டிமீட்டரையும் கொண்டுவந்தார். பேட்டரியில் 10.9 வோல்ட்தான் இருந்தது. முழு சார்ஜில் ஓய்வாக இருக்கும் பேட்டரி 12.6 காட்டும். சிவப்புக் கேபிளை பிளஸ்ஸில் மாட்டி, கறுப்பின் கடைசி முனையைப் பேட்டரியில் வைக்காமல் இன்ஜினின் இரும்பில் மாட்டினார். பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வெளிவரலாம், பொறி அதன் பக்கத்தில் பறக்கக்கூடாது என்பதற்காக. இதைச் சரியாகச் செய்பவர்கள் குறைவு.

வண்டி ஸ்டார்ட் ஆனது. மல்டிமீட்டர் 14.2 வோல்ட் காட்டியது. பேட்டரி லைட் அணைந்தது. அந்த லைட் பேட்டரி நன்றாக இருக்கிறதா என்று சொல்வதில்லை. இன்ஜின் ஓடும்போது மின்சாரம் தயாரிக்கிற ஆல்டர்னேட்டர் சார்ஜ் தருகிறதா என்பதைத்தான் சொல்கிறது. அன்று காலை பேட்டரி செத்துக் கிடந்தும், ஸ்டார்ட் ஆனதும் லைட் ஒழுங்காக அணைந்ததற்குக் காரணம் அதுதான்.

மீட்டரில் மஞ்சளாக இரண்டு லைட் அணையாமல் நின்றன. ஒன்று செக் இன்ஜின், இன்னொன்று ஏபிஎஸ். மகனுக்கு முப்பது வயதிருக்கும். இன்ஜின் படம் போட்ட லைட்டைப் பார்த்துப் பயந்துவிட்டார். ‘இன்ஜினே போச்சு போல, இந்த வண்டிய எடுக்கவே வேண்டாம்’ என்றார். தாய்மாமனுக்கு நாற்பது வருஷ டிரைவிங் அனுபவம். ‘இதெல்லாம் சென்சார் வேலைப்பா. மஞ்சள்னா ஓட்டலாம்’ என்றார். வீட்டு ஆச்சிக்கு வேறு சந்தேகம், நீலமாக ஒன்று எரிகிறதே என்று. இந்தக் காரில் டெம்பரேச்சர் முள் கிடையாது. இன்ஜின் குளிர்ந்திருந்தால் நீல லைட் எரியும், கொஞ்ச நேரத்தில் தானே அணையும். மிதமிஞ்சிச் சூடானால் அதே படம் சிவப்பாக வரும். தை மாதக் காலையில் நீலம் எரிவது இயல்பு.

மகன் சொன்னதிலும் மாமா சொன்னதிலும் பாதி உண்மை இருந்தது. ஆனால் அங்கே இருந்த எல்லாரும் எரிகிற லைட்டை மட்டுமே பார்த்துப் பேசினார்கள். அப்படியே வண்டியைப் பத்து நிமிஷம் போல ஓடவிட்டு நிறுத்தினார்கள்.

அன்று மாலை: டிரைவர் கவனித்தது

கல்யாண வாரத்துக்கு ஆக்டிங் டிரைவர் ஒருவரைப் பேசியிருந்தார்கள். ஐம்பதை நெருங்குகிறவர், முன்பு லாரி ஓட்டியவர். அவர் வந்ததும் உட்கார்ந்து சாவியை ஆன் வரை மட்டும் திருப்பினார். செல்ஃப் அடிக்கவில்லை. மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். சாவியை எடுத்துவிட்டு இன்னொரு தடவை போட்டுப் பார்த்தார். அப்புறம் இறங்கி, ‘அய்யா, ஆயில் லைட் எரியல. நான் ஸ்டார்ட் பண்ண மாட்டேன்’ என்றார்.

தாய்மாமன் கேட்டது இது: ‘எரியலேன்னா நல்லதுதானே தம்பி?’

இந்தக் கேள்வியைப் படித்தவர், படிக்காதவர், புதுசாக லைசென்ஸ் எடுத்தவர், பழைய டிரைவர் என்று யார் வாயிலிருந்தும் கேட்கலாம். டிரைவர் பொறுமையாகப் பதில் சொன்னார். ‘சாவி போட்ட உடனே அது எரியணும்ங்க அய்யா. ஸ்டார்ட் ஆன பின்னாடி அணையணும். எரியவே இல்லைன்னா, கண்ணு தெரியாத ஆளு காவலுக்கு நிக்கிற மாதிரி.’

அவர் சொன்னது முற்றிலும் சரி. சாவியை ஆன் செய்ததும் கார் தன் லைட்டுகளை ஒருமுறை எரித்துக் காட்டும். ஏர்பேக், ஏபிஎஸ் லைட்டுகள் சில நொடியில் தானே அணையும். ஆயில், பேட்டரி, செக் இன்ஜின் மூன்றும் இன்ஜின் ஓடத் தொடங்கும் வரை எரிந்துகொண்டிருக்கும். அந்தச் சில நொடிகளில் ஒரு லைட் வராவிட்டால், பல்ப் போயிருக்கலாம், ஒயர் அறுந்திருக்கலாம், யாரோ வேண்டுமென்றே கழற்றியும் இருக்கலாம். பழைய கார் விற்பவர்கள் சிலர், ஏர்பேக் லைட் எப்போதும் எரிகிறது என்று அதன் இணைப்பையே எடுத்துவிடுவதுண்டு. ஏர்பேக் லைட்டை வேறொரு லைட்டோடு சேர்த்துக் கட்டி, இரண்டும் சேர்ந்து எரிந்து சேர்ந்து அணைவது போலவும் செய்வார்கள். பழைய கார் வாங்கப் போகிறவர்கள் சாவியை ஆன் செய்து அந்தச் சில நொடிகளை உற்றுப் பார்க்க வேண்டும்.

என்னைக் கூப்பிட்டது அதற்குப் பிறகுதான்.

பார்த்ததில் தெரிந்தவை

பானெட்டைத் திறந்ததும் எலிக்கூடு. மெத்தைப் பஞ்சும் தேங்காய் நாரும் சேர்த்து இன்ஜின் மேல் கட்டியிருந்தது. ஐப்பசி, கார்த்திகை மழையில் எலிகள் உலர்ந்த இடம் தேடி வரும். வாரம் ஒருமுறை கொஞ்சம் சூடாகிற இன்ஜினும் பக்கத்திலேயே பஞ்சும் இருந்தால் அவற்றுக்கு வேறென்ன வேண்டும்? மூன்று இடத்தில் ஒயர் கடிபட்டிருந்தது: ஆயில் பிரஷர் சுவிட்சுக்குப் போவது, புகையில் மிஞ்சும் ஆக்ஸிஜனை அளக்கிற ஆக்ஸிஜன் சென்சாருக்குப் போவது, முன்பக்க இடது சக்கரத்தின் ஏபிஎஸ் சென்சாருக்குப் போவது.

ஸ்கேனர் போட்டேன். இந்தியாவில் 2013 ஏப்ரலுக்குப் பிறகு வந்த கார்களில் இரண்டாம் கட்ட ஓபிடி (கார் தன் கோளாறுகளைத் தானே கண்டு பதிவு செய்யும் ஏற்பாடு) கட்டாயம். அதனால் ஸ்டீயரிங்குக்குக் கீழே 16 பின் சாக்கெட் இருக்கும். பி0135 என்ற ஒரே கோடு (கோளாறைச் சொல்லும் குறியீடு) வந்தது. ஆக்ஸிஜன் சென்சாருக்குள் இருக்கும் ஹீட்டரின் மின்சுற்றில் கோளாறு என்று அர்த்தம். மிஸ்ஃபயர் (சிலிண்டரில் பெட்ரோல் ஒழுங்காக எரியாமல் போவது) கோடு எதுவும் இல்லை. ஏபிஎஸ் பக்கம், இடது முன்சக்கர சென்சாரின் சிக்னல் வரவில்லை. மஞ்சள் லைட் இரண்டுக்கும் காரணம் தெரிந்துவிட்டது.

ஆயில் லைட் விஷயம் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டியது. ஆயில் பிரஷர் சுவிட்ச் இன்ஜின் பிளாக்கில் திருகி வைத்த சின்ன சாமான். அதிலிருந்து இந்தக் காரில் ஒரே ஒரு ஒயர் மீட்டருக்குப் போகிறது. இன்ஜின் நிற்கும்போது ஆயிலில் அழுத்தம் கிடையாது. அப்போது சுவிட்சுக்குள் முனைகள் சேர்ந்திருக்கும், ஒயருக்கு எர்த் கிடைக்கும், லைட் எரியும். ஸ்டார்ட் ஆனதும் பம்ப் ஆயிலைத் தள்ளும், அழுத்தம் ஏறும், முனைகள் பிரியும், லைட் அணையும். ஒயர் அறுந்துவிட்டால் எர்த்தே கிடைக்காது. உள்ளே ஒரு சொட்டு ஆயில் ஏறாவிட்டாலும் மீட்டர் சுத்தமாகத்தான் இருக்கும். சில புதிய கார்களில் சுவிட்சுக்குப் பதில் சென்சார் வைத்து, கம்ப்யூட்டர் வழியாக லைட்டைப் போடுகிறார்கள். அவற்றில் ஒயர் அறுந்தால் வேறு மாதிரி எச்சரிக்கை வரலாம்.

மீட்டர் பக்கத்து ஒயரின் முனையைச் சீவி, சாவியை ஆன் செய்து, இன்ஜின் இரும்பில் தொட்டேன். லைட் எரிந்தது. பல்ப் நன்றாக இருக்கிறது, அறுந்தது சுவிட்ச் பக்கத்தில்தான் என்று உறுதியாயிற்று. பெரியவரும் குனிந்து பார்த்துத் தலையாட்டினார்.

அப்புறம் ஆயில் கம்பியை உருவிப் பார்த்தேன். அளவு இரண்டு கோட்டுக்கும் நடுவில், சரியாகவே இருந்தது. மாமா உடனே, ‘பாத்தீங்களா, ஆயில் இருக்கு’ என்றார். ஆனால் விரலில் தேய்த்தால் தண்ணியாக ஓடியது, பெட்ரோல் வாசனை தெளிவாக அடித்தது. ஆயில் ஊற்றும் மூடியின் அடியில் வெண்ணெய் மாதிரி வெளுத்த பிசுக்கு. ஆயிலில் ஈரம் கலந்ததன் அடையாளம் அது. ரேடியேட்டர் தண்ணீர் உள்ளே இறங்கினாலும் இப்படி வரும் என்பதால் கூலன்ட் டப்பாவையும் பார்த்தேன். அளவு குறையவில்லை, எண்ணெய்ப் படலமும் இல்லை.

எடுத்த முடிவுகள்

செக் இன்ஜின் லைட் விட்டு விட்டு எரியாமல் நிலையாக இருந்தது, கோடும் ஹீட்டர் சுற்றைத்தான் சொன்னது. இந்த நிலையில் வண்டி ஓடும். சென்சார் சூடாகக் கொஞ்சம் நேரம் பிடிக்கும், பெட்ரோல் கொஞ்சம் கூடக் குடிக்கும், அவ்வளவுதான். மாமா சொன்னது இதற்குப் பொருந்தும். ஆனால் அதே லைட் கண் சிமிட்டுவது போல எரிந்தால் நிலைமை வேறு. சிலிண்டரில் எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய்ப் புகையைச் சுத்தம் செய்கிற கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைச் சுட்டுவிடும் அளவு மிஸ்ஃபயர் நடக்கிறது என்று அர்த்தம். ஆக்ஸிலரேட்டரை விட்டு, மெதுவாக ஓரங்கட்டி நிறுத்த வேண்டும். ‘மஞ்சள்னா ஓட்டலாம்’ என்று பொத்தாம்பொதுவாகச் சொல்ல முடியாததற்கு இது ஒரு காரணம்.

ஏபிஎஸ் லைட் தனியாக எரிந்தது. ஹேண்ட்பிரேக்கை இறக்கியதும் சிவப்பு பிரேக் லைட் அணைந்தது. பிரேக் ஆயில் அளவு சரி, பெடலும் கெட்டியாக நின்றது. ஆக சாதாரண பிரேக் வேலை செய்யும். சக்கரம் லாக் ஆகாமல் காக்கிற வசதி மட்டும் இருக்காது. சிவப்பு பிரேக் லைட்டும் ஏபிஎஸ்ஸும் சேர்ந்து எரிந்திருந்தால் வண்டியைக் கொட்டகையை விட்டே எடுக்க விட்டிருக்க மாட்டேன். முன் பின் சக்கரங்களுக்குப் பிரேக் அழுத்தத்தைப் பங்கிடுவதும் போயிருக்கலாம், பிரேக் ஆயிலும் கசிந்திருக்கலாம்.

ஆயில் விஷயத்தில் என் நிலை கண்டிப்பாக இருந்தது. அழுத்தத்தைக் கருவி வைத்து அளக்கும் வரை வண்டி தெருவில் இறங்கக்கூடாது. பிஸ்டன்கள் சுழற்றுகிற கிராங்க் தண்டு, பேரிங்குகளுக்குள் ஆயில் படலத்தின் மேல்தான் சுழல்கிறது. அந்தப் படலம் போய்விட்டால் இரும்போடு இரும்பு உரசும், சில நிமிஷம் போதும். மற்றக் கோளாறுகள் பல, வண்டி வழியில் நின்றுவிடுவதோடு போய்விடும். இது இன்ஜினையே தின்றுவிடும்.

மகனுக்கு இது பிடித்தது. மாமாவுக்குப் பிடிக்கவில்லை. ‘காலைல பத்து நிமிஷம் ஓடுச்சே, ஒண்ணும் ஆகலையே’ என்றார். குளிர்ந்த ஆயில் கெட்டியாக இருக்கும், அழுத்தம் நன்றாகவே காட்டும், காலையில் ஓடியதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது என்றேன்.

ஒயர் சரியான பிறகு

மறுநாள் காலையில் ஒயர் வேலையை முடித்தோம். ஆயில் சுவிட்ச், ஆக்ஸிஜன் சென்சார் ஒயர்களைச் சால்டர் வைத்து இணைத்து, ஹீட் ஷ்ரிங்க் குழாய் போட்டு மூடினேன். ஏபிஎஸ் சென்சாரின் ஒயரை ஒட்டுப்போடவில்லை. சக்கரம் திரும்பும்போதெல்லாம் வளைகிற ஒயர் அது, ஒட்டு நிற்காது. புது சென்சார் வர நாலைந்து நாள் ஆகும் என்றார்கள்.

சாவி ஆன். ஆயில் லைட் சிவப்பாக எரிந்தது. ஸ்டார்ட் செய்ததும் இரண்டு மூன்று நொடியில் அணைந்தது. வீட்டில் எல்லாருக்கும் நிம்மதி. வண்டியைக் கேட்டார்கள். கொஞ்சம் பொறுங்கள், சூடாகட்டும் என்றேன்.

நீல லைட் அணைந்தது. ரேடியேட்டர் ஃபேன் சுற்றி நின்றது. இரண்டாம் தடவை ஃபேன் சுற்றத் தொடங்கியபோது, ஐட்லிங்கில், ஆயில் லைட் லேசாக மினுக்கியது. ஆக்ஸிலரேட்டரைத் தொட்டதும் அணைந்தது. விட்டால் மறுபடி மினுக்கல். இன்ஜினை நிறுத்தினேன்.

பலர் ஏமாறுகிற இடம் இதுதான். சூட்டில் ஆயில் இளகும், ஐட்லிங்கில் பம்ப் மெதுவாகச் சுற்றும். இரண்டும் சேரும்போதுதான் அழுத்தம் மிகக் குறைவாக இருக்கும். அதனால் ஆயில் பிரச்சினை முதலில் சிக்னலிலும் டோல்கேட்டிலும் கோயில் வாசலில் ஆளை ஏற்றக் காத்திருக்கும்போதும்தான் தலைகாட்டும். வண்டி நகர்ந்ததும் லைட் அணைந்துவிடும். சரியாகிவிட்டது என்று ஓட்டிக்கொண்டே போவார்கள். இத்தகைய சுவிட்சுகள் பொதுவாக சுமார் 0.3 முதல் 0.5 பார் (அழுத்தத்தை அளக்கும் அலகு) வரை அழுத்தம் இறங்கிய பிறகே லைட்டை எரிக்கும். லைட் மினுக்குகிறது என்றால் அழுத்தம் ஏற்கெனவே அடிமட்டத்துக்கு வந்துவிட்டது.

சுவிட்சைக் கழற்றி, அந்தத் துளையில் அழுத்தம் அளக்கும் மெக்கானிக்கல் கேஜ் மாட்டினேன். சூடான ஐட்லிங்கில் 0.4 பார். 2000 ஆர்பிஎம்மில் (நிமிஷத்துக்கு 2000 சுற்று) 1.5. லைட் சொன்னது பொய்யில்லை.

பழைய ஆயிலைச் சூட்டோடு இறக்கினோம். தண்ணீர் போல விழுந்தது. ஃபில்டரை மாற்றி, கார் கையேட்டில் சொன்ன தரத்தில் புது ஆயில் ஊற்றினோம். திரும்ப முழுசாகச் சூடாக்கி அளந்தால் ஐட்லிங்கில் 1.1 பார், 2000 ஆர்பிஎம்மில் 2.7. லைட் மினுக்கவில்லை. சாவி ஆன் செய்தால் எரிகிறது, ஸ்டார்ட் ஆனால் அணைகிறது.

மாலை எடுக்க எந்த வண்டி?

அழுத்தம் திரும்பிவிட்டது என்பதால் விடிகாலை இளையாத்தங்குடிக்கு இந்தக் காரையே அனுப்பலாம் என்று மாமா சொன்னார். நான் வேண்டாம் என்றேன். மூடியின் அடியில் அவ்வளவு பிசுக்கு இருந்தால், இன்ஜினின் அடியில் ஆயில் தேங்கி நிற்கிற சம்ப்பிலும் பிசுக்கு இருக்கும். புது ஆயில் அதைக் கரைத்துக் கிளப்பும். பம்ப் ஆயிலை உறிஞ்சுகிற இடத்தில் ஒரு வலை இருக்கிறது. கிளம்பிய பிசுக்கு அந்த வலையில் போய் அடைத்தால், நன்றாக இருந்த அழுத்தம் திடீரென்று விழும். சம்ப்பைக் கழற்றிப் பார்க்க அன்று நேரமில்லை. ஏபிஎஸ்ஸும் இல்லை. இருட்டில், உள்சாலையில், மாடு குறுக்கே வரும் நேரத்தில், அவசரமாகப் போய் வருகிற பயணத்துக்கு இந்த வண்டி வேண்டாம்.

டிரைவரும் அதையே சொன்னார். மாமா கொஞ்சம் வருத்தப்பட்டார். கடைசியில் ஆச்சிதான் முடித்துவைத்தார். ‘மாலை நேரத்துக்கு வரணும். எந்தக் கார்ல வந்தா என்னப்பா.’

கோயிலுக்கு வாடகைக் கார் போனது, மாலை நேரத்துக்கு வந்தது. வீட்டுக் கார் உள்ளூர் வேலைக்கு மட்டும் ஓடியது: ஸ்டேஷனுக்கு, பந்தலுக்கு, பலகாரம் எடுக்க. டிரைவர் ஒவ்வொரு தடவையும் சாவி போட்டு லைட்டுகளைப் பார்த்தபிறகே ஸ்டார்ட் செய்தார். ஏபிஎஸ் இல்லாததால் முன்வண்டிக்கு இடைவெளி விட்டு, பிரேக்கை விட்டு விட்டு அழுத்தி ஓட்டினார். லாரி ஓட்டிய காலத்துப் பழக்கம், அவருக்கு அது சிரமமில்லை.

வீட்டுக்காரர்கள் கேட்டதால் சிவப்பு லைட்டுகள் பற்றி எல்லாருக்கும் சொன்னேன். ஓட்டும்போது ஆயில் லைட் வந்தால் ஓரங்கட்டி உடனே இன்ஜினை நிறுத்த வேண்டும், வீடு பக்கத்தில்தான் என்று ஓட்டக்கூடாது. டெம்பரேச்சர் சிவப்பு வந்தாலும் நிறுத்த வேண்டும். சூட்டோடு ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் பீறிடும். பேட்டரி லைட் வந்தால் பெல்ட் அறுந்திருக்கலாம். பல வண்டிகளில் தண்ணீர் பம்ப்பும் அதே பெல்ட்டில்தான் ஓடும், அப்படியானால் சீக்கிரமே இன்ஜின் கொதிக்கும். பிரேக் சிவப்பு வந்தால் முதலில் ஹேண்ட்பிரேக் பாதியில் நிற்கிறதா என்று பார்க்கலாம். இறக்கிய பிறகும் எரிந்தால் வண்டியை எடுக்கக்கூடாது. பிரேக் ஆயிலை மட்டும் ஊற்றி லைட்டை அணைத்துவிட்டுக் கிளம்புவதும் ஆபத்து. ஆயில் எங்கே போனது என்று தெரியாமல் ஓட்டுகிறோம்.

கல்யாணம் முடிந்த பிறகு

வண்டி ஒர்க்‌ஷாப்புக்கு வந்தது. சம்ப்பைக் கழற்றினோம். உறிஞ்சு வலையில் மூன்றில் ஒரு பங்கு கறுப்புப் பிசுக்கு அடைத்திருந்தது. சுத்தம் செய்து மாட்டி, ஆயிலையும் ஃபில்டரையும் மறுபடி மாற்றினோம். சூடான ஐட்லிங் அழுத்தம் 1.3 பாருக்கு வந்தது. உள்சாலைப் பயணத்தில் அந்த வலை முழுசாக அடைத்திருக்குமா என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. அடைக்கலாம் என்று சந்தேகிக்கப் போதுமான காரணம் இருந்தது.

புது ஏபிஎஸ் சென்சார் போட்டதும், வண்டி கொஞ்ச தூரம் உருண்டபின் லைட் அணைந்தது. செக் இன்ஜின் கோடு திரும்ப வரவில்லை. பேட்டரியைச் சார்ஜ் செய்து சோதித்தோம். சார்ஜ் தாங்கவில்லை, மாற்ற வேண்டியதாயிற்று.

செலவில் பெரிய பங்கு பேட்டரிக்கும் சென்சாருக்கும்தான். ஆயில் சுவிட்ச் ஒயரை இணைத்த செலவு ஒன்றுமே இல்லை என்று சொல்லலாம். இன்ஜின் ஜாம் ஆகியிருந்தால், இந்த வயது வண்டியைச் சரிசெய்வதைவிட விற்றுவிடலாம் என்ற நிலைதான் வந்திருக்கும்.

மாற்றியவையும் மாற வேண்டியவையும்

வாரம் ஐந்து நிமிஷம் என்ற வழக்கத்தை நிறுத்தினார்கள். இப்போது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை டிரைவர் வந்து காரைக்குடி வரை ஓட்டிவருகிறார். அரை மணி நேரத்துக்குக் குறையாமல் ஓடி, இன்ஜின் முழுசாகச் சூடாகிறது. யாரும் வர முடியாத மாதங்களில் பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றி வைத்துவிட்டு, இன்ஜினைத் தொடாமலே விடச் சொல்லியிருக்கிறேன். அரைகுறையாக ஓட்டுவதைவிட அது நல்லது.

ஆயில் வருஷத்துக்கு ஒருமுறை, ஓடினாலும் ஓடாவிட்டாலும். ஆயில் மாற்றிய தேதியை எழுதிக் கொட்டகைச் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள்.

விறகும் மெத்தையும் கொட்டகையை விட்டுப் போயின. நிறுத்தியபின் பானெட்டைத் திறந்தே வைக்கச் சொன்னேன். வெளிச்சமும் காற்றும் உள்ள இடத்தில் எலி கூடு கட்டத் தயங்கும். இது முழுத் தீர்வாகாது, குறைக்கும்.

மகன் செய்த ஒரு வேலை எனக்கு மிகவும் பிடித்தது. எல்லாம் சரியான நிலையில், சாவியை ஆன் செய்து மீட்டரைப் போனில் வீடியோ எடுத்து, பார்த்துக்கொள்பவருக்கும் டிரைவருக்கும் அனுப்பியிருக்கிறார். எந்த லைட் வர வேண்டும், எது எப்போது அணைய வேண்டும் என்று நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. வண்டியை எடுக்குமுன் ஒப்பிட்டுப் பார்த்தால் போதும். எங்கள் ஒர்க்‌ஷாப்பிலும் இப்போது டெலிவரி கொடுக்குமுன் கஸ்டமரைப் பக்கத்தில் உட்காரவைத்து அந்தச் சில நொடிகளைக் காட்டி, வீடியோ எடுத்துக்கொள்ளச் சொல்கிறோம்.

டிரைவர்கள் விஷயத்தில் ஒன்று சொல்ல வேண்டும். ஸ்டார்ட் பண்ண மாட்டேன் என்று ஒரு ஆக்டிங் டிரைவர் கல்யாண வீட்டில் சொல்வது சுலபமில்லை. கூலி போகலாம், பேச்சு வாங்கலாம். அவர் சொன்னதைக் கேட்டு என்னைக் கூப்பிட்டது அந்தக் குடும்பத்தின் நல்ல குணம். வாடகைக்கு ஓட்டுகிறவர் ஒரு லைட்டைக் காட்டி நின்றால், முதலில் இறங்கிப் பார்க்க வேண்டும்.

பிசுக்கு ஆயிலில் அவ்வளவு காலம் ஓடியதில் பேரிங்குகள் எவ்வளவு தேய்ந்தன என்பதை இன்ஜினைப் பிரிக்காமல் அறிய வழியில்லை. 1.3 பார் நம்பிக்கை தருகிறது. அடுத்த ஆயில் மாற்றத்தின்போது மறுபடி கேஜ் வைத்து அளப்பதாக முடிவு. அழுத்தம் இறங்கியிருந்தால் சம்ப்பைக் கழற்றிப் பேரிங்கைப் பார்ப்போம். அதுவரை திருச்சி, மதுரை போன்ற நீண்ட பயணத்துக்கு அந்தக் காரை எடுப்பதில்லை என்று வீட்டுக்காரர் ஒப்புக்கொண்டிருக்கிறார்.